முறைத் தண்ணீர்க்காரரும் என்னுடைய குளிசையும்

எனக்குப் பிரஷர் இருப்பதை முதலில் கண்டுபிடித்தவர் டொக்ரர் இல்லை, எங்கள் வாய்க்காலின் முறைத் தண்ணீர்க்காரர். ஒரு சிறுபோகத்தில், என் வயலுக்கு வரவேண்டிய தண்ணீரை மேல்வயல்காரன் மறித்துவிட்டான் என்று அவரிடம் கத்திக்கொண்டிருந்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். என் பக்கத்து நியாயத்தைத்தான் யோசிக்கிறார் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் கத்தினேன்.

"மனேச்சர், உம்மடை கழுத்து நரம்பு புடைச்சு நிக்குது," என்றார் கடைசியில். "தண்ணி நாளைக்கு வரும். நீர் முதல்லை ஆசுப்பத்திரிக்குப் போய் பிரஷரைப் பாத்துக்கொண்டு வாரும்."

நான் மனேச்சர் இல்லை. உருத்திரபுரத்துச் சங்கக்கடையில் அரிசியும் சீனியும் நிறுத்துக் கொடுக்கிறவன். ஆனால் கடைக்கு வருகிற எல்லாருக்கும் எல்லா விஷயத்திலும் ஆலோசனை சொல்லுவேன். அதனால் அவர் எனக்கு அந்தப் பதவியைக் கொடுத்திருந்தார். ஊரும் அதை ஏற்றுக்கொண்டது. சம்பளம் மட்டும்தான் கூடவில்லை.

சண்டை ஓய்ந்து பாதை திறந்து, போன சனம் திரும்பி வந்து, காடு பற்றிக் கிடந்த வயல்களை மறுபடி வெட்டித் திருத்திய காலம் அது. வாய்க்கால்களைத் துப்புரவாக்கியதும் கமக்காரர் கூட்டத்தில் அவரை முறைக்காரர் ஆக்கினார்கள். சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீர் எல்லா வயலுக்கும் ஒரே நேரத்தில் போதாது. இன்றைக்கு இந்த வாய்க்கால், நாளைக்கு அந்த வாய்க்கால் என்று முறை வைத்துத்தான் விடவேண்டும். கதவைத் திறப்பதும் பூட்டுவதும் அவர் வேலை. அந்த வேலை பார்க்கிற மனிதனை ஊரில் ஒருவருக்கும் பிடிக்காது. அவரையும் பிடிக்கவில்லை. ஆனால் அவர் ஆருக்கும் ஒரு நாழிகை கூட்டியும் விடமாட்டார், குறைத்தும் விடமாட்டார் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. அவருடைய சொந்த மச்சானே அவரோடு கதைக்காமல் விட்டதற்குக் காரணம் அதுதான்.

தண்ணீருக்கு முறை வைத்து வைத்து அந்த மனிதர் உலகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் முறை வைத்துவிட்டார். பயத்துக்கும்.

ஒருநாள் அவருடைய மனைவி வாய்க்கால் கரைக்கு ஓடி வந்தா. குசினிக்குள் பாம்பு வந்துவிட்டதாம். இவர் அப்போது கதவைப் பாதி இறக்கியபடி நின்றார்.

"அடுப்படியிலையோ, அலுமாரிக்குப் பக்கத்திலையோ?" என்று கேட்டார்.

"அலுமாரிக்குக் கீழை."

"அப்ப குசினிக் கதவைச் சாத்திப்போட்டு வெளியிலை இரு. இதை இறக்கிப்போட்டு வாறன். பாம்புக்குப் பேந்துதான் முறை."

இறக்கி, பூட்டி, திறப்பை மடியில் செருகி, கை கால் கழுவிக்கொண்டுதான் போனார். பாம்பு அதற்குள் போய்விட்டது. இதைக் கேட்டு ஊர் சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் மூத்த மகளுக்குப் பிள்ளை பிறந்த அன்றும் மேல்வாய்க்கால் கதவு உடைந்துவிட்டதென்று அவர் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வாய்க்காலுக்குத்தான் போனார். அதற்கு மனைவி சிரிக்கவில்லை. ஒரு போகம் முழுக்க அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அவருக்கு அது விளங்கியதாகவும் தெரியவில்லை.

எனக்கு அவர் நேர் எதிர். என் தலைக்குள் எல்லாப் பயமும் ஒரே நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு வரும். தலையிடித்தால் மூளையில் கட்டி, நெஞ்செரிந்தால் மாரடைப்பு. டொக்ரர் பிரஷர் இருக்கிறது என்று சொல்லி, இனி நாளாந்தம் ஒரு குளிசை, இடையில் விடக்கூடாது, ஆயுள் முழுக்க என்றபோது, நான் குளிசையை விட்டுவிட்டு அந்த "ஆயுள்" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

முறைக்காரரும் பிரஷர்காரர்தான், எனக்கு முந்தியே. காலையில் கதவு திறக்கிற முறை முடிந்ததும் வாய்க்கால் கட்டின் மேல் குந்துவார். சட்டைப் பையில் இருந்து குளிசையை எடுத்துப் போட்டு, போத்தல் தேத்தண்ணீரில் ஒரு மிடறு குடிப்பார். பிறகு குளிசைக் கசப்பு போக வெற்றிலை. பாக்கு, சுண்ணாம்பு, நல்ல காரமான புகையிலைத் துண்டு. மடித்து இடது கொடுப்புக்குள் அதக்கிக்கொள்வார். எனக்கும் ஒன்று மடித்துத் தருவார். நானும் குளிசை போட்ட கையோடு அதை வாங்கிக்கொள்வேன். அப்படி இருவரும் ஆளுக்கொரு கொடுப்பு வீங்கியபடி இருந்துதான் என் ஆரோக்கியத்தைப் பற்றிக் கதைப்போம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளிநொச்சிக்குப் போய்க் கனடாவில் இருக்கும் என் மச்சானோடு போனில் கதைத்தேன். எனக்குப் பிரஷர் என்றதும் அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அத்தான், உந்தக் குளிசையைக் கன வருசம் எடுத்தா கான்சர் வருமாம். இஞ்சை வேலையிலை ஒராள் சொன்னது."

அந்த ஆள் என்ன படித்தவன், என்ன குளிசையைப் பற்றிச் சொன்னான், ஒன்றையும் நான் கேட்கவில்லை. மச்சான் அங்கே கோழி வெட்டுகிற தொழிற்சாலையில் வேலை செய்தான். பக்கத்தில் நின்றவனும் கோழிதான் வெட்டியிருப்பான். அது எனக்கு இப்போது விளங்குகிறது. அன்றைக்குக் கனடாவில் இருந்து வந்த சொல் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

அடுத்த கிளினிக்கில் டொக்ரரிடம் கேட்டேன். அவர் இளம் பெடியன், ஆனால் பொறுமைசாலி.

"ஐயா, அப்பிடி நிச்சயமா ஒண்டும் காட்டுப்படேல்லை. ஆராய்ச்சி செய்யினம்தான், சில குளிசையளிலை சந்தேகப்பட்டும் பாத்திருக்கினம். ஆனா குளிசையை விட்டா மூளையிலை ரத்தம் கசியிறதும் இருதயம் பழுதாகிறதும் நாங்கள் தினம் பாக்கிற விஷயம்."

இதில் எனக்குக் கேட்டது "சந்தேகப்பட்டும்" என்ற ஒரே சொல். வெளியே வந்து வாங்கிலில் காத்திருந்தவர்களிடம் அதைப் பெரிதாக்கிச் சொன்னேன். டொக்ரரே ஒப்புக்கொண்டார் என்றேன். ஜெயபுரத்தில் இருந்து இரண்டு பஸ் மாறி வருகிற ஒரு அக்கா, குளிசைப் பையை மடியில் இருந்து எடுத்து வாங்கிலில் தள்ளி வைத்தா. நல்ல காரியம் செய்தோம் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

முறைக்காரரிடமும் சொன்னேன். வாய்க்கால் கட்டில், வெற்றிலையோடு.

"எத்தினை வருசத்திலை வருமாம்?" என்று கேட்டார்.

"கன வருசம் எடுத்தா எண்டுதான் சொன்னவன்."

"பிரஷரை விட்டா?"

"அது எப்பவும் வரலாமாம்."

அவர் எச்சிலைத் துப்பிவிட்டுச் சொன்னார். "அப்ப பிரஷர் முதல் வாய்க்கால், கான்சர் கடைசி வாய்க்கால். எனக்கு உது பழகின விஷயம் காணும். குளத்துக் கதவைத் திறக்க முந்தியே தண்ணி வரேல்லை எண்டு கத்துறவன் எப்பவும் கடைசி வயல்காரன்தான்."

வாய்க்காலில் கடைசி வயல் என்னுடையது. நான் கோபித்துக்கொண்டு எழுந்து போனேன். வெற்றிலையைத் துப்பாமல்தான் போனேன்.

குளிசையை நிறுத்தினேன். மனைவிக்குத் தெரியாமல் நாளாந்தம் ஒன்றை எடுத்துக் கிணற்றடி வாழைக்கு அடியில் புதைத்தேன். அதோடு விட்டேனா? காலையில் எழுந்ததும் அந்த வாழையைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பேன். தண்டில் ஏதும் கட்டி கிட்டி கிளம்புகிறதா என்று தடவிப் பார்ப்பேன். வாழை அந்த முறை நல்ல குலை போட்டது. எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அந்தப் போகத்தின் நடுவில் ஒருநாள் என் முறை. வெயில் ஏறிய நேரம், வாய்க்காலுக்குள் இறங்கிச் செத்தையை இழுத்துக்கொண்டிருந்தேன். மேல்வயல்காரன் வரம்பில் வந்து ஏதோ சொன்னான். நான் பதிலுக்குக் கத்த வாயெடுத்தேன். அதோடு கரையில் நின்ற தென்னை சரிந்தது. சரிந்தது தென்னை இல்லை, நான் என்று பிறகுதான் சொன்னார்கள். முகம் குப்புற வாய்க்காலுக்குள் கிடந்திருக்கிறேன்.

முறைக்காரர் கதவடியில் நின்றவர். முதலில் கதவை இறக்கிப் பூட்டிவிட்டுத்தான் ஓடிவந்து என்னைத் தூக்கினாராம். தண்ணீர் வடிந்தால் எனக்கு மூச்சடைக்காது என்று பூட்டினாரா, என் முறை முடிந்துவிட்டது என்று பூட்டினாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் இரண்டும்தான் என்றிருப்பார்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது மனைவி காலடியில் இருந்து அழுதுகொண்டிருந்தா. வாழையடி விஷயம் அவவுக்குத் தெரிந்துவிட்டது. அவர் கதவு நிலையில் சாய்ந்து நின்றார்.

"இஞ்சருங்கோ, இவருக்கு நீங்களாவது சொல்லுங்கோ அண்ணை," என்றா மனைவி.

"சொல்லுறதுக்கு என்ன கிடக்கு தங்கச்சி. கான்சர் வந்து பாத்திருந்தா ஆளில்லாமல் திரும்பிப் போயிருக்கும்."

நர்ஸ் மிஸ்ஸி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. எனக்கு வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. அதனால் நானும் சிரிப்பதாக எல்லாரும் நினைத்தார்கள். வாய் கொஞ்ச நாளில் நேராகிவிட்டது. குளிசையை மறுபடி தொடங்கினேன். காலையில் வாய்க்கால் கட்டு, அவரோடு குளிசை, பிறகு வெற்றிலை.

பிறகு சண்டை மறுபடி மூண்டு பாதையைப் பூட்டினார்கள். மண்ணெண்ணெயும் சீமெந்தும் போல குளிசையும் கிடைப்பது அருமையாகப் போனது. கிளினிக்கில் பாதிதான் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில்தான் அவர் தேத்தண்ணீரை ஆறவைத்துக் குடிப்பதைக் கவனித்தேன். அதற்கு முன் கொதிக்கக் கொதிக்க விடுகிற மனிதர். ஒருநாள் எங்கள் வீட்டில் சாப்பிடும்போது மீன் குழம்பை ஒதுக்கிவிட்டு வெறும் சோற்றில் மோரை விட்டுப் பிசைந்தார். வெற்றிலையும் இடது கொடுப்பில் இருந்து வலது கொடுப்புக்கு மாறியிருந்தது.

"என்னண்ணை, வாய் புண்ணோ?" என்று கேட்டேன்.

"ஓம், சின்னனா ஒண்டு. ஆறேல்லை."

"டொக்ரரிட்டைக் காட்டுங்கோவன்."

"விதைப்பு முடியட்டும்."

விதைப்பு முடிந்தது. பிறகு சின்ன மகளின் கலியாண எழுத்து. அதன் பிறகு கிழக்குப் பக்க வாய்க்காலில் இரண்டு குடும்பம் மண்வெட்டியோடு நின்றது, அதைத் தீர்க்கவேண்டும். பிறகு ஷெல் சத்தம் கிட்ட வந்தது, வீட்டுக்குப் பின்னால் பங்கர் வெட்டவேண்டும். அவர் ஒன்றையும் பொய்யாகச் சொல்லவில்லை. எல்லாமே அவசரமான காரியம்தான். வாய்க்கு மட்டும் முறை வரவில்லை.

புற்றுநோயைப் பற்றி அந்த ஊரிலேயே கூடுதலாக யோசித்தவன் நான். கனடா வரைக்கும் போய்ச் செய்தி எடுத்தவன். எனக்கு முன்னால், ஒரு முழத் தூரத்தில், அந்த மனிதரின் கொடுப்புக்குள் அது இருந்தது. அது எனக்குத் தட்டுப்படவில்லை. ஏனென்றால் நான் குளிசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதோடு அவர் மடித்துத் தந்த வெற்றிலை என் வாயிலும் இருந்தது.

மிஸ்ஸிதான் ஒரு கிளினிக்கில் அவர் கதைப்பது கொழகொழவென்று இருப்பதைக் கேட்டுவிட்டு, பிடித்து இருத்தி வாயைத் திறக்கச் சொன்னா. உடனே டொக்ரரைக் கூப்பிட்டா. புகையிலை அதக்கிய இடத்திலேயே வந்திருக்கிறது, கனநாள் பிந்திவிட்டது, கொழும்புப் பக்கம் மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்றார் டொக்ரர். அதற்கு வெளியேறப் பாஸ் வேண்டும், நோயாளரை ஏற்றுகிற வாகனத்தில் இடம் வேண்டும். அலைந்து திரிந்து அவருடைய மருமகன் அதை எடுத்தான்.

அதற்குள் ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது. சங்கக்கடையில் சீனி நிறுக்கும்போதே என் காதில் விழுந்தது.

"எத்தினை வருசமா ஒரு நாளும் விடாமல் பிரஷர் குளிசை போட்ட மனிசன். பாத்தியளே, கான்சர் வந்திட்டுது. மனேச்சர் அப்பவே சொன்னவர்."

மனேச்சர் அப்பவே சொன்னவர். என் வாழ்க்கையில் நான் சொன்ன எத்தனையோ நல்ல ஆலோசனைகளை இந்த ஊர் ஒரு காதால் வாங்கி மறு காதால் விட்டிருக்கிறது. இதை மட்டும் பத்திரமாக வைத்திருந்து, ஆள் பேரோடு திருப்பிச் சொன்னது. "இல்லை, அது புகையிலையாலை," என்று நான் கவுண்டருக்குப் பின்னால் நின்று தொண்டை கிழியச் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. மனேச்சர் நல்ல மனிசன், சனம் பயப்படக்கூடாதெண்டு மறைக்கிறார் என்றார்கள். சிலர் குளிசையை நிறுத்திவிட்டதாக மிஸ்ஸி சொன்னா. ஜெயபுரத்து அக்கா அதில் ஒரு ஆள்.

அவர் மகரகமையில் இருந்து திரும்பி வரவில்லை. அங்கே போய்ச் சில மாதத்தில் முடிந்துவிட்டது. செய்தி வந்தபோது நாங்கள் உருத்திரபுரத்தில் இல்லை, ஷெல்லுக்குத் தப்பிச் சாமான்களோடு கிழக்கே நகர்ந்துகொண்டிருந்தோம். அவருடைய மனைவி உழவு இயந்திரப் பெட்டியில் இருந்தபடியே அந்தச் செய்தியைக் கேட்டா. அழுவதற்கு இறங்கக்கூட அவவுக்கு நேரம் கிடைக்கவில்லை. ஆனால் அவர் என்றதும் நான் நினைப்பது அந்த நாளை இல்லை. அவர் வாகனம் ஏறுவதற்கு முந்தின கிளினிக் நாளை.

அன்று பயணத்துக்குப் பிரஷர் குளிசை எடுக்க அவரும் வந்திருந்தார். நான் கூடப் போனேன். கழுத்தைச் சுற்றித் துவாயைப் போட்டு வாயை மூடியிருந்தார். கதைப்பது குறைவு. வாங்கிலில் இருந்த சனம் அவரைக் கண்டதும் ஒதுங்கி இடம் விட்டது. ஜெயபுரத்து அக்கா தன் கிளினிக் துண்டுக் கடதாசியைக் கையில் சுருட்டியபடி மிஸ்ஸியிடம் சொல்லிக்கொண்டிருந்தா.

"எனக்குக் குளிசை வேண்டாம் பிள்ளை. பிரஷரைப் பாத்துச் சொன்னாப் போதும். அந்த அண்ணைக்கு வந்ததைக் கண்டும் நான் இனி உதை வாயிலை வைப்பனே?"

மிஸ்ஸி பிரஷரைப் பார்த்துவிட்டு டொக்ரரைப் பார்த்தா. டொக்ரர் தலையில் கை வைத்தார். அவர் சொல்லிப் பார்த்தார், மிஸ்ஸி சொல்லிப் பார்த்தா. நானும் எழும்பி என் வழக்கமான பிரசங்கத்தைத் தொடங்கினேன். அக்கா என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டினா. நான் முதலில் சொன்னதைத்தான் அவ நம்பினா.

முறைக்காரர் எழுந்தார். டொக்ரரின் மேசையில் கிடந்த டோர்ச்சை எடுத்துக்கொண்டு அக்காவுக்கு முன்னால் போய் நின்றார். துவாயை அவிழ்த்தார். சேட்டின் மேல் பட்டனைப் பூட்டாமல் ஒருநாளும் வீட்டை விட்டு வெளிக்கிடாத மனிதர் அவர். டோர்ச்சை அக்காவின் கையில் கொடுத்துவிட்டு, அந்தச் சனத்துக்கு முன்னால் வாயை ஆவென்று திறந்தார்.

அக்கா வெளிச்சத்தைப் பிடித்தா.

"இடப்பக்கம் பாரும் தங்கச்சி," என்றார். சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. "பொயிலை வைச்ச இடம். அந்த இடத்திலைதான் கிடக்கு. குளிசை தொண்டைக்குள்ளாலை போறது, அங்கை நிக்கிறேல்லை. வடிவாப் பாரும்."

அவர் வாங்கில் நீளத்துக்கு நடந்தார். ஒவ்வொருவருக்கும் முன்னால் நின்று வாயைத் திறந்து காட்டினார். ஒருவரையும் தவறவிடவில்லை, ஒருவருக்கும் கூடுதலாக நிற்கவில்லை. நான் கடைசியில் இருந்தேன். எனக்குக் காட்டவில்லை.

"மனேச்சர், நீர் வாயைத் திறவும்," என்றார்.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. என் கொடுப்புக்குள் வெற்றிலை இருந்தது. புகையிலையைப் பற்றி ஊருக்கெல்லாம் பிரசங்கம் செய்த அந்த வாயில், வீட்டில் இருந்து வெளிக்கிடும்போது பழக்கதோஷத்தில் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். வாங்கில் முழுக்க என்னைப் பார்த்தது. அவர் வாசல் பக்கம் கையைக் காட்டினார். வெளியே போய்த் துப்பி, குழாயில் வாய் கொப்பளித்துவிட்டு வந்து நின்றேன்.

என் முகத்தை நாடியில் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். நாக்கைத் தூக்கச் சொன்னார், பக்கத்துக்குத் தள்ளச் சொன்னார். கனநேரம் பார்த்தார். நான்கு வருடமாக நான் பயந்த பயமெல்லாம் ஒன்றுமில்லை, அந்த நேரம் பயந்ததுதான் பயம்.

"ஒண்டுமில்லை," என்று நாடியை விட்டார். "இனி உந்தப் பக்கம் போகாதேயும்."

பிறகு வாங்கிலில் என் பக்கத்தில் இருந்து துவாயைச் சுற்றிக்கொண்டார். எதிரில் ஜெயபுரத்து அக்கா மிஸ்ஸியிடம் குளிசையைக் கேட்டு வாங்கினா. இன்னொருவர் தண்ணீர்ப் போத்தலை அவவிடம் நீட்டினார். அவர் அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்.

"எனக்குப் பயமாக் கிடக்கு காணும்."

பயப்படுவதில் அந்த ஊரில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. அவருடைய கையை எடுத்து என் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு, அவருடைய நம்பரைக் கூப்பிடும்வரை அப்படியே இருந்தேன்.